ஒரு போலீஸ் அதிபரின் சுயசரிதம்

தம் வரலாற்றைத் தாமே எழுதுவோர் இருவகைப்படுவர். ஒரு வகையார் தம் வாழ்வைத் தாமே விசாரிக்கும் பொருட்டு எழுதுகின்றனர்; மற்றொரு வகையார் பிறர் தம்மீது நடத்திய விசாரணைக்கு விடையிறுக்கும் பொருட்டு எழுதுகின்றனர். முன்னையது அரிது, பின்னையதோ மலிந்து கிடக்கின்றது. பெரும் பதவி வகித்து இறங்கியவர் எழுதும் நூல் பெரும்பாலும் பின்னைய வகையைச் சார்ந்ததாகவே இருக்கும். ஆயினும் அத்தகைய நூலைப் படிக்க வேண்டுவதில்லை என்று ஒதுக்குதல் அறிவுடைமையாகாது. அதிகாரம் தன்னைத் தான் எவ்வாறு காண்கின்றது என்பதை அறிய அதனினும் சிறந்த சான்று வேறில்லை. அதிகாரத்தின் கீழ் உழைத்துப் பிழைக்கும் நம்மனோர்க்கு அவ்வறிவு மிகவும் வேண்டற்பாலது.

நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்டது, அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரின் போலீஸ் அதிபராக 1978 முதல் 1992 வரை பதினான்கு ஆண்டுகள் வீற்றிருந்த டாரில் கேட்ஸ் என்பாரின் சுயசரிதமாகும். 'சீஃப்', அதாவது 'அதிபர்', என்னும் தலைப்பைத் தாங்கிய இந்நூல், டயான் ஷா என்னும் எழுத்தாளரின் துணையுடன் எழுதப்பெற்று, அவர் பதவியை விட்டகன்ற அதே 1992-ஆம் ஆண்டில் வெளிவந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட நூலை இன்று தூசு தட்டி எடுப்பானேன் எனச் சிலர் வினவலாம். 2020-ஆம் ஆண்டில், மினியாபொலிஸ் நகரத் தெருவில், ஒரு போலீஸ்காரரின் முழந்தாளின் கீழ் ஜார்ஜ் ஃபிளாய்டு என்பார் உயிர் நீத்த காட்சியை உலகம் கண்டு கொதித்ததே, அதனை நினைவிலுடையோர் அவ்வாறு வினவமாட்டார்கள். அக்காட்சிக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் முந்திய காட்சி ஒன்று உண்டு. அது கேட்ஸின் நகரில், கேட்ஸின் ஆட்சியில் நிகழ்ந்தது.

முதற்கண் அவருடைய வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். கேட்ஸ் 1926-ல் லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த கிளெண்டேல் என்னும் ஊரில் பிறந்தவர். அவர் சிறுவராயிருந்த காலம் அமெரிக்கா முழுவதும் வேலையின்றி வாடிய காலம். தந்தை குடிப்பழக்கத்திற்கு அடிமையானவர். தாயே உழைத்துக் குடும்பத்தைத் தாங்கினார். இளமையில் அவருக்குப் போலீஸார்மீது மதிப்பு இருந்ததில்லை. இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் ஊழியம் புரிந்து மீண்டு, கல்லூரியில் பயின்றுகொண்டிருக்கையில், குடும்பச் செலவுக்கு வழி வேண்டி 1949-ல் போலீஸில் சேர்ந்தார். அறிவுக் கூர்மையும் விடாமுயற்சியும் உடையவராதலின் பதவி உயர்வுத் தேர்வுகளில் முன்னணியில் நின்றார். அக்காலத்து அதிபரான வில்லியம் பார்க்கர் அவரைத் தம் மோட்டார் ஓட்டியாகத் தேர்ந்தெடுத்தார். அதிபரின் வண்டியை ஓட்டிய இளைஞர், அதிபரின் எண்ணங்களையும் நாள்தோறும் கேட்டுக் கற்றார். ஓட்டியவரே பின்னாளில் அவ்வாசனத்தில் அமர்ந்தார்.

பார்க்கர் 1950 முதல் 1966 வரை அதிபராயிருந்தவர். லஞ்சத்தில் மூழ்கிக் கிடந்த துறையைத் தூக்கி நிறுத்தியவர் என்னும் புகழ் அவருக்கு உண்டு. அதற்கு முன் அந்நகரின் நிலைமை எத்தகையதெனில், 1938-ல், நகராட்சி ஊழலைத் துருவி ஆராய்ந்த ஒரு துப்பறிவாளரின் மோட்டாரில் வெடிகுண்டு வைத்த குற்றத்திற்காகப் போலீஸ் உளவுப் பகுதித் தலைவர் ஒருவரே தண்டிக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே மேயரை நகர மக்கள் வாக்களித்து இறக்கினர். அத்தகைய அரசியல்வாதிகளின் பிடியிலிருந்து போலீஸை விடுவிக்கவே, 1937-ல் நகர சாசனம் திருத்தப்பட்டு, அதிபரைத் தக்க காரணமும் முறையான விசாரணையும் இன்றி எவரும் நீக்கலாகாது என்னும் காப்பு அளிக்கப்பட்டது. சீர்திருத்தத்தில் நாட்டமுடைய நம் வாசகர்கள் இச்செய்தியை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கெட்டவரிடமிருந்து நல்லவரைக் காக்க எழுப்பிய மதில் அது. ஐம்பது ஆண்டுகள் சென்றபின் அம்மதிலுக்கு உள்ளே நின்றவர் எவருக்கும் விடை சொல்லக் கடமைப்படாதவராகி விட்டார். நல்ல நோக்கத்துடன் செய்த சட்டமும், அதனை மீண்டும் மீண்டும் சோதித்துப் பாராவிடில், யாரைக் காக்கும் என்று சொல்வதற்கில்லை.

நிற்க. நூலின் நயங்களை முதலிற் கூறுவதே முறை. கேட்ஸ் சுவைபடச் சொல்லத் தெரிந்தவர். சொற்களைப் பூசி மெழுகும் வழக்கம் அவரிடம் இல்லை. தமக்குப் பிடிக்காதவரைப் பிடிக்கவில்லை என்றே கூறிச் செல்கின்றார். கொலை வழக்குகளைத் துப்பறிந்த பகுதிகள் நாவலைப் போல் ஓடுகின்றன. கைலஞ்சம் வாங்கினார் என்று அவர்மீது பகைவரும் பழி கூறியதில்லை. 1984-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் அந்நகரில் நடந்தபோது அமைதி காத்த பெருமையும் அவர் துறைக்கு உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதைப்பொருளின் தீமையைப் போலீஸாரே வகுப்பில் வந்து கற்பிக்கும் 'டேர்' என்னும் திட்டத்தை 1983-ல் அவர் தொடங்கினார்; அது பிற நாடுகளுக்கும் பரவிற்று. அதனால் நிலையான பயன் விளையவில்லை எனப் பின்னர் வந்த ஆராய்ச்சிகள் காட்டினவேனும், தொடங்கியவரின் எண்ணத்தைக் குறை கூறுவதற்கில்லை.

ஆனால், நூலின் இயல்பை ஒரு சிறு செய்தி நமக்குக் காட்டிக் கொடுத்து விடுகின்றது. துப்பாக்கிச் சண்டைகளுக்கெனத் தனிப் பயிற்சி பெற்ற 'ஸ்வாட்' என்னும் படையை 1960-களில் உருவாக்கியவர்களுள் கேட்ஸ் முதன்மையானவர். அப்படையின் பெயரில் 'தாக்குதல்' என்னும் சொல்லையே அவர் முதலில் வைத்திருந்தாராம். மேலதிகாரி அது ஆகாதென மறுத்து, 'உத்திகள்' எனப் பொருள்படும் சொல்லை இடச் செய்தாராம். முதலெழுத்துகள் மாறாமையால் சுருக்கப் பெயரும் மாறவில்லை. கேட்ஸ் இதனை நகைச்சுவையாகவே நினைவுகூர்கின்றார். நமக்கு நகைப்பு வரவில்லை. சொல் மாறிற்று, உள்ளக்கருத்து மாறிற்றா என்னும் வினாவை ஆசிரியர் எழுப்பவே இல்லை. இந்நூல் முழுவதும் அவர் எழுப்பாது விட்ட வினாக்களே மிகுதி.

அவ்வினாக்களுள் சிலவற்றை நாம் எழுப்பிப் பார்ப்போம். 1979 ஜனவரியில், யூலா லவ் என்னும் கறுப்பின விதவைத் தாயின் வீட்டிற்கு எரிவாயு இணைப்பைத் துண்டிக்க ஆள் வந்தான். இணைப்பு அறுபடாதிருக்க அவர் கட்டவேண்டியது 22 டாலர் 9 சென்ட். தகராறு மூண்டு, போலீஸார் இருவர் அழைக்கப்பட்டனர். அம்மையாரின் கையில் சமையற் கத்தி இருந்தது. இருவரும் பன்னிரண்டு முறை சுட்டனர். எட்டுக் குண்டுகள் பாய்ந்தன. கட்டவேண்டிய தொகைக்குரிய பண ஆணைச் சீட்டு அவர் பைக்குள்ளேயே இருந்தது. போலீஸ் துறை தன் உள் விசாரணையில் இது விதிக்குட்பட்டது என்றது. குடிமக்களைக் கொண்ட போலீஸ் ஆணைக்குழுவோ விதிக்கு மாறானது என்றது. அதிபர் யார் பக்கம் நின்றார் என்பதை நாம் கூறவும் வேண்டுமோ?

கழுத்தை இறுக்கிப் பிடித்து மயக்கமுறச் செய்யும் பிடி ஒன்று அத்துறையில் வழக்கத்திலிருந்தது. 1975-க்குப் பின் சில ஆண்டுகளில் அப்பிடியால் பதினாறு பேர் மாண்டனர். அவர்களுள் பன்னிருவர் கறுப்பர். இதற்குக் காரணம் யாது என வினவப்பட்டபோது, 1982-ல் கேட்ஸ், கறுப்பரின் இரத்தக் குழாய்கள் 'இயல்பான மக்களுடையவை' போல விரைவில் திறவாதிருக்கலாம் என்னும் கருத்துப்படப் பேசினார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. தம் கருத்தைத் திரித்து விட்டார்கள் என்பது அவர் கட்சி. திரித்தார்களோ இல்லையோ, பிடித்த கையைப் பற்றிக் கேட்ட வினாவிற்குப் பிடிக்கப்பட்ட கழுத்தைப் பற்றி விடையிறுத்தார் என்பதை மறுத்தல் இயலாது. பிறப்பிலேயே குறை காணும் இவ்வழக்கம் நம்மவர்க்குப் புதியதன்று. சேரியிலுள்ளான் நோயால் மடிந்தால் அவன் உடற்கூறு அவ்வாறு என்று மேற்சாதியார் சொல்லிக் கடந்ததை நம் முன்னோர் கேட்டிருக்கின்றனர்.

1985-ல், கவச வண்டியின் முன்புறத்தில் நீண்ட இரும்புத் தூணைப் பொருத்தி, போதைப்பொருள் விற்கும் வீடுகளின் சுவரை இடிக்கும் முறையைக் கேட்ஸ் புகுத்தினார். முதல் இடிப்பின்போது தாமே உடன் சென்றார். சுவர் இடிந்த வீட்டினுள் காணப்பட்டோர் ஐஸ்கிரீம் உண்டுகொண்டிருந்த பெண்களும் சிறுவர்களும் ஆவர். 1988 ஏப்ரலில், 'சம்மட்டி' என்னும் பெயரிட்ட நடவடிக்கையில், ஏறத்தாழ ஆயிரம் போலீஸார் ஒரு வார இறுதியிலேயே 1,400-க்கு மேற்பட்டோரைப் பிடித்தனர். பெரும்பாலோர் குற்றச்சாட்டின்றி விடப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் டால்டன் அவென்யூவில் சில குடியிருப்புகளுள் புகுந்த போலீஸார், கழிப்பறைப் பீங்கான் முதல் படிக்கட்டு வரை உடைத்தனர். சுவரில் தம் துறையின் பெயரை எழுதி அதுவே ஆள்கிறது என வண்ணம் பூசினர். எந்தக் கும்பல்கள் சுவரில் பெயரெழுதுகின்றன என்று பிடிக்க வந்தார்களோ, அக்கும்பல்களின் வழக்கத்தையே தாமும் கைக்கொண்டனர். நகராட்சி இதற்கெனப் பல லட்சம் டாலர் நட்ட ஈடு கட்டிற்று. 1990-ல் அமெரிக்க செனட் குழுவின் முன் பேசுகையில், எப்போதாவது போதைப்பொருள் உட்கொள்பவரையும் வெளியே கொண்டுபோய்ச் சுடவேண்டும் என்றார் அதிபர். தலைவர் பேசும் மொழியே கீழுள்ளோர்க்கு உத்தரவாகி விடுகின்றது.

இனி, அக்காட்சிக்கு வருவோம். 1991 மார்ச் 3-ஆம் நாள், நள்ளிரவுக்குப் பின், ராட்னி கிங் என்னும் கறுப்பின வாலிபர் மதுவருந்திய நிலையில் மோட்டாரை விரைந்து ஓட்டி, போலீஸாருக்கு நிற்காமல் ஓடினார். அவர் செய்தது தவறு. அதனை எவரும் மறுக்கவில்லை. வண்டி நின்றபின் நிகழ்ந்ததை, எதிர் மாடியில் குடியிருந்த ஜார்ஜ் ஹாலிடே என்பார் தம் புதிய வீடியோ கேமராவில் பிடித்தார். இருபதுக்கு மேற்பட்ட போலீஸார் சூழ்ந்து நிற்க, தரையில் கிடந்தவர்மீது தடியடி ஐம்பத்தாறு விழுந்தது, உதைகள் ஆறு. ஹாலிடே மறுநாள் போலீஸ் நிலையத்திற்கு டெலிபோன் செய்தார், கேட்பாரில்லை. கிங்கின் தமையனார் நேரிற்சென்று முறையிட்டார், முறையீடு எழுதப்படவில்லை. பிறகே அப்படம் தொலைக்காட்சி நிலையத்தை அடைந்தது. உலகம் கண்டது.

இவ்விடத்தில் நாம் வாசகரின் கவனத்தைப் படத்திலிருந்து பேனாவின்பால் திருப்ப விரும்புகின்றோம். அன்றிரவு போலீஸார் எழுதிய அறிக்கைகளில், கிங்கின் முகத்திற் கண்ட வெட்டுக்காயங்கள் தார்ச்சாலையில் உராய்ந்ததால் நேர்ந்த சிறு காயங்கள் என எழுதப்பட்டிருந்தது. கன்ன எலும்பு முறிந்ததும் கணுக்கால் ஒடிந்ததும் மருத்துவர் கண்டவை. படம் ஒன்று இல்லாதிருப்பின், அவ்வறிக்கையே சரித்திரமாயிருக்கும். 2020-ல் மினியாபொலிஸ் போலீஸார் முதன்முதல் வெளியிட்ட செய்தியிலும், ஃபிளாய்டின் மரணம் மருத்துவ நிகழ்ச்சி எனவே குறிக்கப்பட்டிருந்தது. முழந்தாள் அதில் இடம்பெறவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகளில் கேமராக்கள் பெருகின. எழுதும் முறை மாறவில்லை.

இதனைப் பிறர் குற்றமாகவே எழுதிவிட்டுப் போக நம் மனம் இடந்தரவில்லை. நாமும் தோட்டத்து ஆபீசில் எழுதிப் பிழைப்பவர். சில ஆண்டுகளுக்கு முன், நாம் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், விடியற்காலைப் பெரட்டின்போது மேற்பார்வையாளர் ஒருவர் தள்ளியதால் வயது முதிர்ந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. விபத்துப் புத்தகத்தில், ஈரத்தரையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்று நாம் எழுதினோம். தரை ஈரமாயிருந்தது உண்மை. அவர் விழுந்ததும் உண்மை. தள்ளிய கை மட்டும் ஏட்டில் ஏறவில்லை. அவ்வாறு எழுதும்படி நமக்கு எவரும் கட்டளையிடவில்லை என்பதே இதிற் கொடுமை. எப்படி எழுதினால் ஆபீசுக்கு உகக்கும் என்பதைக் கேளாமலே அறிந்திருந்தோம். இடக்கைப் பெருவிரலால் ரேகை வைக்க வந்த அப்பெரியவர், "கிராணி ஐயா, என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். "நீங்க விழுந்ததை எழுதியிருக்கேன்" என்றோம். அவர் ஒன்றும் பேசாது ரேகை வைத்துச் சென்றார். கேட்ஸின் சுயசரிதத்தைப் படிக்குந்தோறும் அப்பெருவிரல் நம் கண்முன் நிற்கின்றது. ஆதலின் அந்நூலை உயர்ந்த இடத்திலிருந்து நோக்கும் உரிமை நமக்கு இல்லை.

கிங் அடியுண்ட செய்தியைக் கேட்ஸ் கண்டிக்காமலில்லை. அப்படம் தம்மை வருத்தியது என்றே கூறினார். ஆனால் அது வழிதப்பிய ஒரு தனி நிகழ்ச்சி என்பதே அவர் கொண்ட முடிபு. யூலா லவ் ஒரு தனி நிகழ்ச்சி. கழுத்துப்பிடி ஒரு தனி நிகழ்ச்சி. டால்டன் அவென்யூ ஒரு தனி நிகழ்ச்சி. கிங்கும் ஒரு தனி நிகழ்ச்சி. மணிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, நூல் என்று ஒன்று இல்லை என வாதிடுவது போன்றது இது. சுயசரிதம் என்னும் இலக்கிய வகை இருப்பதே, தனித்தனியாய்க் கிடக்கும் நிகழ்ச்சிகளூடே ஓடும் நூலைக் கண்டு காட்டுவதற்காக. தம் வெற்றிகளிடையே அந்நூலைத் தெளிவாகக் காணும் ஆசிரியர், தவறுகள் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கின்றார். நம் மதிப்பீட்டில் இந்நூலின் தலையாய குறை இதுவே. நீதியைப் பற்றிய குறையாயிருப்பதோடு, எழுத்தைப் பற்றிய குறையும் இதுவேயாகும்.

அந்நூலை வேறொரு புத்தகம் கண்டு காட்டியது. வழக்கறிஞர் வாரன் கிறிஸ்டோபரின் தலைமையில் அமைந்த கமிஷன், 1991 ஜூலையில் தன் அறிக்கையை வெளியிட்டது. ஆபீஸ் நடையில் அமைந்த அவ்வறிக்கையைச் சுவைக்காக எவரும் படிக்கமாட்டார். எனினும் கேட்ஸின் சுவைமிக்க நூலினும் அதுவே உயர்ந்த படைப்பென்பது நமது துணிபு. 1986 முதல் 1990 வரை அளவுமீறிப் பலம் பிரயோகித்ததாகவோ முறைதவறி நடந்ததாகவோ குற்றஞ்சாட்டப்பட்ட போலீஸார் ஏறத்தாழ 1,800 பேர் என்று அது கணக்கெடுத்தது. அவருள் 1,400-க்கு மேற்பட்டோர் மீது ஓரிரு குற்றச்சாட்டே இருந்தது. ஆறும் அதற்கு மேலும் உடையவர் 44 பேர். பொதுமக்கள் கொடுத்த 2,152 பலாத்காரக் குற்றச்சாட்டுகளில் மெய்யென ஏற்கப்பட்டவை 42. அந்த 44 பேரின் ஆண்டு மதிப்பீட்டுத் தாள்களைப் புரட்டியபோது, அவை பெரும்பாலும் புகழுரைகளாகவே இருந்தன. ரோந்து வண்டிகளிலுள்ள யந்திரங்கள் வழியாகப் போலீஸார் ஒருவருக்கொருவர் விடுத்த செய்திகளையும் கமிஷன் படித்தது. இனப்பழிப்பும், அடித்ததைக் கொண்டாடும் பேச்சும் அவற்றில் காணப்பட்டன. அவை மேலதிகாரிகள் என்றும் பார்த்திருக்கக் கூடியவை. பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் படிக்கவில்லை.

துறையில் பெரும்பாலோர் நேர்மையாளர், சிலரே கொடியர், அச்சிலரையும் துறை அறிந்திருந்தது, அறிந்தும் அடக்கவில்லை: இதுவே அவ்வறிக்கை கூறும் கதை. கேட்ஸ் பதவி விலக வேண்டும் என்றும், அதிபர் பதவிக்கு ஆண்டு வரையறை வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அதற்குமுன் ஏப்ரலிலேயே போலீஸ் ஆணைக்குழு அவரை விடுப்பில் அனுப்ப முயன்று தோற்றது; நகர மன்றமும் நீதிமன்றமும் அவரை மீண்டும் அமர்த்தின. 1937-ஆம் ஆண்டு மதில் அவ்வளவு உறுதியாயிருந்தது. மேயர் டாம் பிராட்லியோ தாமே இருபது ஆண்டுகளுக்கு மேல் அத்துறையில் பணியாற்றியவர். அந்நகரின் முதற் கறுப்பின மேயர். அவரும் கேட்ஸும் ஓராண்டுக்கு மேலாகப் பேச்சுவார்த்தையின்றி இருந்தனர். நகரத் தலைவரும் போலீஸ் தலைவரும் முகங்கொடாதிருக்கும் வீட்டில் தீப்பற்றினால் யார் அணைப்பது?

தீ 1992 ஏப்ரல் 29-ல் பற்றியது. சிமி வேலி என்னும் ஊரில் நடந்த வழக்கில் ஜூரர்கள், அடித்த நால்வரில் ஒருவர் மீதும் குற்றத்தீர்ப்பு வழங்கவில்லை. மாலையில் தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் தெருமுனையில் கலவரம் மூண்டது. அங்கிருந்த போலீஸார் பின்வாங்கினர். அவ்வேளையில் அதிபர், பிரென்ட்வுட் பகுதியில் நடந்த நிதிதிரட்டும் கூட்டம் ஒன்றிற்குச் சென்றிருந்தார். போலீஸ் அதிபரின் பதவிக்காலத்தை வரையறுக்கும் சாசனத் திருத்தத்தை எதிர்க்கவே அந்நிதி. நகரம் எரிகையில், எவரும் தம்மை நீக்கலாகாது என்னும் காப்பைக் காக்கச் சென்றார். சில நாட்களில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பொருள் நட்டம் ஏறக்குறைய 100 கோடி டாலர். அடுத்த ஜூன் மாதமே அச்சாசனத் திருத்தத்தை வாக்காளர் நிறைவேற்றினர். ஐந்தாண்டாக இரு தவணைக்கு மேல் எவரும் அதிபராயிருத்தல் இயலாதாயிற்று. அம்மாத இறுதியில் கேட்ஸ் விலகினார். 1993-ல் மத்திய நீதிமன்றம் அந்நால்வருள் இருவரைத் தண்டித்தது.

கேட்ஸின் பக்கத்து நியாயத்தையும் கூறாது விடுதல் விமர்சகர்க்கு அழகன்று. ஏறத்தாழ 35 லட்சம் மக்கள் வாழ்ந்த அகன்ற நகரத்தை எண்ணாயிரத்துச் சொச்சம் போலீஸாரைக் கொண்டு காக்கும்படி அவருக்கு விதிக்கப்பட்டது. பிற பெருநகரங்களை நோக்க இது மிகக் குறைவு. கழுத்துப்பிடியைத் தடுத்தமையால்தான் தடியடி மிகுந்தது என்றும் அவர் பக்கத்தார் வாதிப்பர். கடுமை வேண்டும் எனக் கேட்ட நகரத்தார், அக்கடுமை படத்தில் தோன்றிய பிறகே முகஞ்சுளித்தனர். மேலும், தலைவர் மாறியவுடன் துறை தூய்மையாகி விடவுமில்லை. 1990-களின் இறுதியில் ராம்பார்ட் என்னும் பிரிவில் போலீஸாரே பொய்ச்சாட்சியும் திருட்டும் புரிந்தமை வெளிப்பட்டு, 2001-ல் மத்திய அரசின் மேற்பார்வையை நகரம் நீதிமன்ற வாயிலாக ஏற்க நேர்ந்தது. ஆகவே எல்லாத் தீமையையும் ஒருவர் தலையில் ஏற்றி, அவர் போனபின் நிம்மதியடைவோரும், கிங்கின் அடியைத் தனி நிகழ்ச்சி என்ற கேட்ஸும் ஒரே பிழையைச் செய்கின்றனர். அவர் அடியைத் தனிமைப்படுத்தினார். இவர்கள் அவரைத் தனிமைப்படுத்துகின்றனர்.

இறுதியாக ஒரு செய்தி. ராட்னி கிங்கும் 2012-ல் தம் வரலாற்றை எழுதுவித்து வெளியிட்டார். அவ்வாண்டு ஜூனிலேயே காலமானார். கேட்ஸ் 2010-ல் மறைந்திருந்தார். கிங்கின் நூலில் இலக்கியத் திறம் பெரிதன்று. ஆயினும் தம் குடிப்பழக்கத்தையும் தம் தவறுகளையும் அவர் ஒளிக்கவில்லை. அவர் தந்தையாரும் குடிக்கு அடிமையானவரே. அடித்த துறையின் தலைவரும் அடியுண்ட வாலிபரும், இருவருமே குடிகாரத் தந்தையின் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்! தோட்டத்துக் கள்ளுக்கடை நம் குடும்பங்களுக்குச் செய்ததை அறிந்த நம் வாசகர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரே வகையான துன்பத்திலிருந்து வந்த இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள ஒரு வழியும் இல்லாது போயிற்று. கேட்ஸின் நூலில் அவர் சிறுவயதுத் துயரங்கள் வரும் பக்கங்களே நம் நெஞ்சைத் தொடுவன. அச்சிறுவனை அதிபர் ஒருமுறையேனும் தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் கண்டிருப்பாராயின், இந்நூல் முதல் வகையைச் சேர்ந்திருக்கும்.

ஆங்கிலம் அறிந்த தோழர்கள் இந்நூலைப் படிக்க வேண்டும் என்றே பரிந்துரைக்கின்றோம். ஆனால் தனித்துப் படித்தலாகாது. கிறிஸ்டோபர் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தல் வேண்டும். அதிபர் தம்மைப் பற்றி எழுதியது ஒரு பக்கம்; 42 மட்டுமே ஏற்கப்பட்ட 2,152 முறையீடுகள் மறுபக்கம். அம்முறையீடுகளை எழுதிக்கொண்டவரும் தள்ளுபடி செய்தவரும் பெயர் தெரியாத சிறு உத்தியோகஸ்தர்கள். அவர்கள் எவரும் சுயசரிதம் எழுதப்போவதில்லை. ஆனால் பேனா அவர்கள் கையில்தான் இருந்தது. இன்றும் நம்மைப் போன்றார் கையில்தான் இருக்கின்றது. அடுத்த முறை விபத்துப் புத்தகம் நம் முன் விரியும்போது, தரையின் ஈரத்தை எழுதுமுன் தள்ளிய கையை எழுதுவோமா என்பதே இந்நூல் நம்மிடம் விட்டுச்சென்ற வினா. அவ்வினாவிற்கு விடை நூல்களில் இல்லை.